கப்பல் பட்டியலில் நம் ஊர்க்காரர்கள்

(வேலூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1860 அக்டோபர் 13ஆம் நாள். சென்னையில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் ஏற வேண்டியவர்களை மசூலாப் படகுகளில் உட்காரவைத்து, அலைகளைத் தாண்டிக் கொண்டுபோய், கடலில் தள்ளி நங்கூரமிட்டு நின்ற கப்பலில் ஏற்றுவார்கள். அப்படி ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் அன்று புறப்பட்டவர்கள் 342 பேர். நவம்பர் 16ஆம் நாள் அவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடைந்தார்கள். நேட்டால் என்று அப்போது அழைக்கப்பட்ட ஆங்கிலேயக் குடியேற்றத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போன முதல் இந்தியர்கள் இவர்கள்தாம். இடையில் 1866 முதல் 1874 வரை ஆளேற்றுவது நின்றிருந்தது. மற்றபடி 1911 வரை தொடர்ந்தது. மொத்தம் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். மிக அதிகமாக ஆள் போன மாவட்டங்களில் நம் பழைய வடஆற்காடும் ஒன்று.

இந்த ஒன்றரை லட்சம் பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதப்பட்டது. கப்பல் வாரியாக எழுதப்பட்ட அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு அல்லது மச்சம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார், பிறகு என்ன ஆனார் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்கள். மூலங்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றித் தேடக்கூடியதாக ஆய்வாளர்கள் ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் இருக்கிறது. இந்தப் பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா 1991இல் ஒரு நூலே எழுதினார்.

குடும்பத்தின் வேர்களைப் பழைய ஆவணங்களில் தேடுவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். ராஜாக்கள், ஜமீன்கள், செப்பேடு வைத்திருக்கும் குடும்பங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசியவர்கள் பலர். நான் இந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இதில் பெயர் எழுதப்பட்டவர்களில் பலர் நிலம் இல்லாதவர்கள். அவர்கள் பிறந்த ஊரில், அதே ஆண்டில், அவர்கள் பெயரை எழுதிவைத்த காகிதம் அநேகமாக ஒன்றுகூட இல்லை. சொந்த ஊர் எழுதிவைக்காத பெயரை, அவர்களை வேலைக்கு வாங்கியவன் எழுதிவைத்திருக்கிறான். இது நாம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்து ஆவணங்கள் யாரைப் பதிவுசெய்தன என்று பாருங்கள். ஒரு கிராமத்தின் பழைய கணக்கைத் தேடிப் போனால் முதலில் கிடைப்பது நிலக் கணக்கு. பைமாஷ் கணக்கு, செட்டில்மெண்ட் பதிவேடு, ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல், பிறகு 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். என்னும் நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு. எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இந்தப் புல எண்ணுக்குத் தீர்வை கட்டுபவன் யார்? தீர்வை கட்டியவன் பெயர் இருக்கும். அதே வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவள், பரம்படித்தவன், இரவில் காவல் கிடந்தவன் பெயர் இருக்காது. 1858இல் அமைத்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் அற்புதமானவை. மானியம் பெற்றவர், அவருடைய மகன், பேரன், பங்காளிகள் என்று முழு வம்சாவளியே அவற்றில் கிடைக்கும். ஆனால் மானியம் பெற்ற குடும்பமாக இருக்க வேண்டும். கோயில் அர்ச்சகர், கணக்குப்பிள்ளை, மடம், தர்ம சத்திரம், ஊர்ப் பணிக்காக மானியம் அனுபவித்த தலையாரி, வெட்டியான் என்று அந்த வட்டம் ஓரளவு விரியும். அதற்கு மேல் விரியாது.

மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறதே என்பீர்கள். 1871 முதல் கணக்கெடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர்கூட எழுதினார்கள். கூட்டல் முடிந்ததும் அந்தச் சீட்டுகளை வைத்திருக்கவில்லை. இங்கிலாந்தில் ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியை 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டு முகவரியோடு பார்த்துவிடுவார். நமக்கு மொத்தத் தொகை மட்டும் மிஞ்சியது. பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899இல் சட்டம் வந்தது. கிராம மணியக்காரர்கள் பதிவுசெய்தார்கள். பழைய பதிவேட்டைப் பிரித்தால் பல வரிகளில் குழந்தையின் பெயர் இராது. ஆண், பெண் என்பதோடு தகப்பன் பெயர் மட்டும் இருக்கும். பெயர் வைப்பதற்குள் பதிந்துவிட்டார்கள். பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை.

தாழ்த்தப்பட்ட மக்களின் பெயர்கள் நிலக் கணக்கில் ஓரளவு கூட்டமாக நுழைவது 1892க்குப் பிறகு. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அந்த ஒப்படைப்புக் கோப்புகள் நில உரிமைக்கான சான்றுகள் என்று எல்லோருக்கும் தெரியும். அவை குடும்ப வரலாற்றுக்கான சான்றுகளும்கூட. பல குடும்பங்களின் பெயர் அரசுக் காகிதத்தில் முதன்முதலாக ஏறிய இடம் அது. அதற்கு முன்பு அவர்களுடைய மூதாதையர் பெயர் எழுத்தில் கிடைக்கக்கூடிய இடம், ஆட்களை நிலத்தோடு சேர்த்து விற்ற ஓலைகள். அடிமை முறைக்கு எதிரான 1843ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு அப்படி எழுதினார்கள். தன் பாட்டனின் பாட்டன் பெயரை விற்பனை ஓலையில் படிக்க நேர்கிறவரின் மனநிலையை என்னால் விவரிக்க முடியாது.

இப்போது டர்பனுக்குத் திரும்புவோம். அங்கிருந்து ஆண்டுதோறும் சிலர் கையில் ஒரு காகிதத்தோடு தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். நான்காம், ஐந்தாம் தலைமுறைக்காரர்கள். தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளி விடுமுறையில் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அவர்கள் கேட்பது மிக எளிய கேள்வி: எங்கள் ஊர் எது?

அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே இருப்பவர்களில் சிலராவது இதில் கைகொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் வேண்டியது எண். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுத்தார்கள். தோட்டத்தில் அவர் பெயரைவிட அந்த எண்ணே அதிகம் பயன்பட்டது. கொடுமைதான். ஆனால் இன்று தேடுகிறவருக்கு அந்த எண்தான் வழிகாட்டி. திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, கடவுச்சீட்டு என்று பிந்தைய காகிதங்களிலும் அது தொடர்ந்து வரும். ஆகவே பாட்டி வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் பழைய சான்றிதழ்களைப் பார்க்க வேண்டும். எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அந்த ஒரு வரிக்கு நேரே போய்விடலாம்.

எண் இல்லாமல் குடும்பப் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் திணறுவார்கள். இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் தொலைபேசிப் புத்தகத்தில் கோவெண்டர், மூட்லி, நாயுடு, பிள்ளை, படையாச்சி, நாயக்கர் என்று பார்க்கிறோம். கோவெண்டர் என்பது கவுண்டர். மூட்லி என்பது முதலி. கப்பல் ஏறியபோது எழுதிய பெயரில் பெரும்பாலும் இந்தப் பட்டங்கள் இல்லை. வெறும் முனுசாமி, வெறும் பெருமாள், வெறும் சின்னம்மா. குடும்பப் பெயர் கட்டாயம் என்று அந்த நாட்டு நிர்வாகம் கேட்டபோது சிலர் தங்கள் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். சிலர் தகப்பன் பெயரைக் கொடுத்தார்கள். சிலர் தாங்கள் விரும்பிய பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்கள். ஊரைத் தாண்டி, கடலைத் தாண்டி வந்தவனை அங்கே யார் கேட்பது? இதை ஏமாற்று என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிறந்த ஊர் சுமத்திய பெயரைக் கழற்றிவைக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பை ஒருவர் பயன்படுத்திக்கொண்டார் என்றால் அது அவருடைய நியாயம். தேடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, இன்றைய குடும்பப் பெயரிலிருந்து அன்றைய சாதியையோ ஊரையோ ஊகிக்க முடியாது என்பதை மட்டுமே.

வரி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு ஒரு வரியை நானே அமைத்துக்கொள்கிறேன். இது உண்மையில் யாருடைய வரியும் அல்ல. பெயர் முனியம்மா, தகப்பன் பெயர் சின்னப்பன், வயது 22, ஜில்லா வடஆற்காடு, தாணா போளூர், கிராமம் புதூர். தாணா என்ற கட்டத்தில் சென்னைக் கப்பல்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் தாலுகாவின் பெயர் இருக்கும். வந்தவர் மகிழ்ச்சியோடு கூகுள் வரைபடத்தைத் திறந்து புதூர் என்று தட்டுவார். தமிழ்நாடு முழுக்கப் புதூர். நல்லூர், புதுப்பாக்கம், மேட்டூர், இவையெல்லாம் அப்படித்தான். ஆகவே தாலுகாவை விட்டுவிடக் கூடாது. தாலுகா, ஜில்லா எல்லைகளோ நூற்றைம்பது ஆண்டுகளாக மாறிக்கொண்டே இருக்கின்றன.

திருத்தணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911க்கு முன்பு போனவரின் வரியில் அது வடஆற்காடு. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ஆந்திரத்தில் இருந்தது. 1960இல் தமிழகத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டமானது. 1997இல் திருவள்ளூர். வந்தவர் பட்டியலில் வடஆற்காடு என்று பார்த்துவிட்டு வேலூரில் வந்து நின்றால் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். திருப்பத்தூர் இதற்கு நேர்மாறு. 1911 வரை அது சேலம் ஜில்லா. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் பழைய பட்டியல்களில் சேலத்துக்குள் இருக்கும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் எல்லாம் தென்னாற்காடு. மயிலாடுதுறையும் திருவாரூரும் தஞ்சாவூர். சித்தூர், பலமநேர், சந்திரகிரிப் பக்கத்து ஊர்கள் வடஆற்காட்டில் இருக்கும். அந்த வரிகளுக்கு உரியவர்களில் தெலுங்கர்கள் நிறைய. எல்லைக் கோடு போடுவதற்கு முன்பு போனவர்களின் பேரன் தமிழனா தெலுங்கனா என்று நாம் இங்கே வாதாடுவதில் பொருளில்லை.

அடுத்தது எழுத்து. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா, அதை இன்னொரு குமாஸ்தா படியெடுத்தது, அதைக் கணினியில் ஏற்றியவர் படித்தது என்று மூன்று கைகள். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். பட்டி, பேட்டை, பாடி மூன்றும் குழம்பும். வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ ஆக இருக்கும். வாயால் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதே நல்ல வழி. அதுவும் அந்தப் பகுதிக்காரர் சொல்லிப் பார்க்க வேண்டும். வெளியூர் அறிஞர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பெயரை, போளூர் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அம்மா ஒரு நொடியில் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார். அதோடு கூடவே பழைய மாவட்ட மேனுவல்களைப் பார்க்க வேண்டும். வடஆற்காட்டுக்குக் காக்ஸ் 1881இல் தொகுத்து, பிறகு ஸ்டூவர்ட் திருத்தியது. சேலத்துக்கு லெ ஃபானு 1883. தென்னாற்காட்டுக்கு கார்ஸ்டின் 1878. தஞ்சைக்கு வெங்கசாமி ராவ் 1883. அன்றைய தாலுகா எல்லை அவற்றில் தெரியும். இவை எழும்பூரில் 1909இல் கட்டப்பட்ட தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் பெரிய நூலகங்களிலும் உண்டு. அந்தக் காப்பகத்தில் 1670 முதலான அரசு ஆவணங்கள் இருக்கின்றன என்பதை நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; அங்கே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதோடு பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். பட்டியல் சொல்வதெல்லாம் உண்மையா?

எழுதியவர்கள் வரலாற்றுக்காக எழுதவில்லை. ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்கு அங்க அடையாளம். இறந்துபோனால் கணக்கு முடிப்பதற்குத் தகப்பன் பெயர். வயது ஒரு குத்துமதிப்பு. சாதிக் கட்டத்தில் குமாஸ்தாவுக்குத் தெரிந்த பெயர்களுக்குள் எல்லோரையும் அடைத்திருக்கிறார்கள். போனவர்களும் உண்மையை மட்டுமே சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கடனுக்குப் பயந்து ஓடியவன் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லியிருப்பான். புருஷன் அடி தாங்காமல் வந்தவள் தகப்பன் பெயரை மாற்றியிருப்பாள். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில் ஊரே கலைந்து, கஞ்சித்தொட்டி தேடி நடந்து, எங்கோ ஓரிடத்தில் ஆள்பிடிப்பவன் கண்ணில் பட்டவர்கள் எந்த ஊரைச் சொந்த ஊராகச் சொன்னார்கள்? கடைசியாகத் தங்கிய ஊரையா, பிறந்த ஊரையா? பட்டியலில் ஒரு கிராமம் கண்டவுடன் இதுவே பூர்வீகம் என்று பலகை மாட்டிவிடக் கூடாது. வேறொரு சாட்சி வேண்டும். குடும்பத்தில் கும்பிட்டுவந்த தெய்வத்தின் பெயர், தாலாட்டில் வந்த ஆற்றின் பெயர், கூடப் போன உறவினர் வரியில் இருக்கும் ஊர், இப்படி ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால், இந்தத் தாலுகா வரை தெரிகிறது என்று அதோடு நிற்பதே நேர்மை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம்முடைய கொடிவழிகளை எடுத்துப் பாருங்கள். அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண்கள் வரிசையாக இருப்பார்கள். பெண் கொடுத்த ஊர் இருக்கும். பெண்ணின் பெயர் இருக்காது. சிட்டாவிலும் அப்படித்தான். கப்பல்களுக்கோ ஒரு விதி இருந்தது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்று இந்திய அரசு வைத்த விதி. அந்த எண்ணிக்கையை நிரப்ப ஆள்பிடிப்பவர்கள் விதவைகளை, கைவிடப்பட்டவர்களை, சந்தையில் தனியாக நின்ற பெண்களைத் தேடினார்கள். பொய் சொல்லி அழைத்துப் போனதும் நடந்தது. தானாகத் துணிந்து ஏறியவர்களும் இருந்தார்கள். கப்பல் ஏறுமுன் முகாமிலேயே ஜோடி சேர்ந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண், தனி வரி. அவள் பெயர், அவள் தகப்பன் பெயர், அவள் ஊர். 1880ஆம் ஆண்டு வாக்கில் வடஆற்காட்டு கிராமம் ஒன்றில் வாழ்ந்த நிலமற்ற குடும்பத்துப் பெண்ணின் பெயரை, தகப்பன் பெயரோடும் தழும்போடும் நாம் எழுத்தில் படிக்க முடிகிற இடம் வேறு எது? எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வரிகளை அவமானத்தின் ஆவணம் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸுக்கு 1834 முதல் சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் போனார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களுக்குப் பிந்திய பலருக்குப் புகைப்படமே உண்டு. தோட்டத்தை விட்டு நகர்ந்தால் பிடிப்பதற்காக எடுத்த படங்கள் அவை. இன்று கொள்ளுப்பேரர்கள் அவற்றைப் பூஜையறையில் மாட்டியிருக்கிறார்கள். ஃபிஜிக்கு 1903 முதல்தான் சென்னையிலிருந்து கப்பல். ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு சுவா காப்பகத்தில் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போனவர்களுக்குப் பிரெஞ்சு ஆவணங்கள். புதுவைக் குடும்பங்களுக்கு இன்னொரு வசதி: 1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிந்தார்கள். அந்தப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் தெற்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள காப்பகத்தில் உள்ளன. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஒல்லாந்தர் காலத்துக் காணி, குடும்பப் பதிவேடுகளான தோம்புகள். தரங்கம்பாடிக் கிறித்தவக் குடும்பங்களுக்கு பதினெட்டாம் நூற்றாண்டு முதலான திருச்சபைப் பதிவேடுகள்.

ஆனால் காகிதமே இல்லாமல் போனவர்களைப் பற்றிச் சுருக்கமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களைச் சொல்கிறேன். கடல் குறுகலானது, ஆள் சேர்த்து மேற்பார்வை செய்யும் கங்காணி கூட்டமாக அழைத்துப் போனான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவில் விழுந்தவர்கள் கணக்கில்லை. நேட்டாலுக்குப் போனவருக்கு எழுதியதுபோல ஆளுக்கொரு வரி இவர்களுக்கு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த ஒரு தகரத் துண்டு. பெயர் இல்லை, தகப்பன் இல்லை, ஊர் இல்லை.

1948இல் சுதந்திர இலங்கை முதல் வேலையாகக் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நீ இங்கே பிறந்தால் போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபி என்றது. தோட்ட லயத்தில், அதாவது வரிசைக் குடியிருப்பில், பிறந்த பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. தகப்பனின் பதிவுக்கு எங்கே போவது? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தார்கள். சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. இவர்களில் இங்கே வந்துசேர்ந்தவர்கள், வாய்மொழியாகக் கேட்டிருந்த பாட்டனின் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சில ஊர்கள் ஏற்றுக்கொண்டன. பல ஊர்கள் யாரென்று கேட்டன. பூர்வீகம் தேடுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நாம் இங்கிருந்து போனவர்களை எவ்வளவு மறந்திருக்கிறோம் என்பதற்கு ஒரு அளவுகோல் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. காந்தி 1915இல் அங்கே போனார். நினைவு மண்டபம் இருக்கிறது. அந்த ஊருக்குத் தன் மக்கள் கடல் கடந்தது தெரியும். தமிழ்நாட்டில் இப்படிச் சொல்லத்தக்க ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பட்டியலில் பெயர் உள்ள ஊர்களோ ஆயிரக்கணக்கில். உங்கள் ஊர் அதில் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே இருக்கிறவர் ஊரைத் தேடுகிறார். இங்கே இருக்கிற ஊர், தன் ஆட்களைத் தேடியதே இல்லை.

எனக்கு ஒரு யோசனை உண்டு. அந்தப் பட்டியல்களை ஜில்லா, தாலுகா, கிராமம் வாரியாகப் பிரித்து, ஊர்ப் பெயர்களைத் தமிழில் திருத்தமாக எழுதி, அந்தந்த ஊராட்சிக்குக் கொடுக்க முடியும். பெரிய செலவு பிடிக்கிற வேலை அல்ல. ஊர் உச்சரிப்பு தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. கல்லூரி வரலாற்றுத் துறைகள் தாலுகாவுக்கு ஒரு மாணவர் என்று எடுத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் முடித்துவிடலாம். தென்னாப்பிரிக்கர்கள் தங்கள் பங்கைச் செய்து பட்டியலைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நம் பங்கு.

இன்னொன்று, பழைய கர்ணம் வீடுகள். பரம்பரைக் கர்ணம் முறையை 1980இல் அரசு ஒழித்தது. நியாயமான முடிவுதான். ஆனால் அதற்கு முந்தைய கணக்குக் கட்டுகள் எல்லாம் அரசு அலுவலகத்துக்கு வந்துவிடவில்லை. பரணில் கிடந்தவை செல்லரித்தன. பழைய பேப்பர்க் கடைக்குப் போனவை போயின. இன்னும் மிஞ்சியிருக்கிற கட்டுகள் இருக்கும். உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். காப்பகத்துக்குக் கொடுங்கள், கொடுக்க மனமில்லை என்றால் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவையுங்கள்.

சாதிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பனிலிருந்து வருகிறவருக்குத் தன் வரியில் எழுதியிருக்கும் சாதி என்னவென்று பெரும்பாலும் புரிவதில்லை. இங்கே உள்ளவருக்குப் புரிகிறது. புரிந்தவுடன் முகம் மாறுகிறது. மாலை போட வந்தவர் ஒதுங்கிப் போகிறார். அல்லது, வந்தவர் மனம் நோகக் கூடாது என்று வேறொரு தெருவைக் காட்டி, இதுதான் உங்கள் பூர்வீக இடம் என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறார். இரண்டும் நடக்கக் கூடாது. ஊருக்கு வருகிறவரை ஊராட்சித் தலைவர் வீட்டிலும் பெரிய கோயில் வாசலிலும் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. அவருடைய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே படித்துச் சொல்லுங்கள். ஊர்த்தெரு என்றால் ஊர்த்தெருவுக்கு, காலனி என்றால் காலனிக்கு, நீங்களே கூட நடந்து அழைத்துப் போங்கள். அங்கே வயதான அம்மா ஒருவரை உட்காரவைத்து, இவர் பாட்டி இந்த ஊரிலிருந்து கப்பல் ஏறியவராம், தகப்பன் பெயர் இன்னது என்று சொல்லுங்கள். பேசவிடுங்கள், பேசுவதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். உங்கள் அம்மாவின் பெயர், அவருடைய அம்மாவின் பெயர், அவருடைய அம்மாவின் பெயர் என்று தெரிந்தவரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், பிறந்த ஊர், அன்றைய தாலுகா, ஜில்லா. தெரியாத இடத்தை வெறுமையாக விட்டு, வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் நாளைக் காலையே கேளுங்கள். தேதி போட்டு, யார் சொன்னது என்று கீழே எழுதி, பத்திரப்படுத்துங்கள். நிலம் இருக்கிற வீட்டுக்காரர்களும் எழுதுங்கள். நிலம் இல்லாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.